பெருவழியின் பாரம்

பெரும்பாணாற்றுப்படையின் உப்பு வண்டிகளை இலக்கிய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து செல்லும் வழியில் 'உல்கு' என்னும் சுங்கம் பெறப்பட்டதையும் அப்பாட்டு சொல்கிறது. ஆகவே, 2002இல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுங்கம் வசூலிக்கத் தொடங்கியபோது தொண்டைநாட்டுக்கு அது முற்றிலும் புதியதன்று எனலாம்! புதியது வேறொன்று. பழைய பெருவழி காலும் குளம்பும் சக்கரமும் பட்டுப் பட்டுத் தானே இறுகியது. அது எவ்வளவு பாரம் தாங்கும், எத்தனை ஆண்டு தாங்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டவர் இலர். அந்தக் கணக்கு எங்கே பிறந்து, எவர் கைவழியாக நம் கடற்கரைக்கு வந்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

சதுரங்கப்பட்டினத்துக்கும் கல்பாக்கத்துக்கும் அணித்தே உள்ள புதுப்பட்டினம் மணற்பாங்கான ஊர். இக்கடற்கரையில் பாரம் பெரும்பாலும் மரக்காணம் வரை நீண்ட பக்கிங்காம் கால்வாயில்தான் சென்றது. உலர்ந்த மணலில் சக்கரம் புதையும். ஆனால் அதே மணலுக்கு நீர்விட்டு இறுக்கி, பக்கவாட்டில் நகராதபடி அணைத்துவிட்டால் சாலைக்கு நல்ல அடிமண்ணாகிவிடும். மேலே எவ்வளவு கனத்துக்குக் கல்லும் தாரும் இடவேண்டும் என்பதுதான் கேள்வி.

முதல் விடை அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து வந்தது. ஓர் இரும்புத் தண்டை மண்ணில் அழுத்தி, அது இறங்கத் தேவையான விசையை நன்கு உடைத்த ஜல்லியில் தேவைப்படும் விசையோடு ஒப்பிட்டு விழுக்காடாகச் சொல்வது, அவ்வளவே. இரண்டாம் உலகப்போரில் விமான ஓடுதளங்களுக்குப் பயன்பட்ட இம்முறையையே இந்தியச் சாலைப் பேராயம் 1970இல் தன் 37ஆம் நெறிமுறை நூலில் ஏற்றது. மண்ணின் விழுக்காடும் நாளொன்றுக்குச் செல்லும் லாரிகளின் எண்ணிக்கையும் தெரிந்தால், வரைபடத்தில் விரல்வைத்துக் கனத்தைப் படித்துவிடலாம். எளிமைதான். ஆனால் எந்த அடுக்கு, ஏன், எப்போது உடையும் என்பதற்கு வரைபடத்தில் விடையில்லை.

அதற்குக் கோட்பாடு வேண்டும். ஒரே சீரான மண்மேல் பாரம் வைத்தால் உள்ளே என்ன நிகழும் என்று பிரெஞ்சு அறிஞர் பூசினெஸ்க் 1885இல் எழுதிவிட்டார். சாலையோ அடுக்குகளால் ஆனது. அடுக்குகளுக்கான தீர்வை நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பர்மிஸ்டர் 1943இல் தந்தார். பல அடுக்குகளுக்கு அதைக் கையால் கணக்கிட ஆயுள் போதாது. கணினி வரும்வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. 1960களிலும் 70களிலும் அதற்கான நிரல்களை எழுதியவற்றில் செவ்ரான், ஷெல் ஆகிய எண்ணெய் நிறுவனங்கள் முன்நின்றன. தார் விற்றவர்களே தாரின் கனத்தையும் கணக்கிட்டார்கள் என்பது நமக்குச் சுவையாகவே படுகிறது.

இந்தியாவுக்கான நிரல் காரக்பூர் ஐ.ஐ.டி.யில் உருவாயிற்று. 37ஆம் நூலின் 2001 பதிப்புக்கு அடிப்படையானது 'எஃப்பேவ்'. 2012 பதிப்போடு வந்தது அதன் வளர்ச்சியான 'ஐஐடிபேவ்'. அடுக்குகள் எத்தனை, ஒவ்வொன்றின் விறைப்பும் கனமும் என்ன, சக்கரத்தின் பாரம், டயரின் அழுத்தம் என்று அது கேட்கும். பதிலாக முக்கியமாய் இரண்டு எண்களைத் தரும். தார் அடுக்கின் அடிப்புறம் எவ்வளவு இழுபடுகிறது என்பது ஒன்று. அடிமண்ணின் மேற்புறம் எவ்வளவு நசுங்குகிறது என்பது மற்றொன்று. முன்னது மிகுந்தால் சாலை வெடிக்கும். பின்னது மிகுந்தால் சக்கரத் தடம் பள்ளமாகும். பொறியாளர் இவற்றைத் 'திரிபு' என்கிறார். தோன்றல், திரிதல், கெடுதல் என்று படித்த நமக்கு, திரிந்தபின் கெடும் என்ற வரிசை எளிதில் விளங்கிவிடுகிறது.

எனினும் நிரலுக்கு நாம் கொடுப்பதே தெரியும். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, சோதனைக்கென்றே இட்ட சாலைகளில் லாரிகளை ஓயாது ஓட்டிப் பார்த்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. அச்சின் பாரம் இரட்டித்தால் சாலையின் கேடு இரட்டிப்பதில்லை. ஏறத்தாழ 16 மடங்காகிறது. இந்தியாவில் நான்கு சக்கர ஒற்றை அச்சுக்கு அனுமதித்த எடை 2018இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. ஏட்டில் 13 விழுக்காடு உயர்வு. மேற்சொன்ன கணக்கின்படி அந்த அச்சு செய்யும் கேட்டில் 60 விழுக்காட்டுக்கும் மேல்! அனுமதியையும் மீறி ஏற்றியது தனி. லாரியை எண்ணியவர் எடைபோட மறந்தால், நிரல் தரும் கனம் எத்தனை தசமத்தோடு இருந்தும் பயனில்லை.

புதுச்சாலையைவிடப் பழைய சாலையே கடினமான கேள்வி. 1950களில் பெங்கல்மேன் என்னும் அமெரிக்கர் ஒரு நீண்ட கோலை அமைத்தார். பாரம் ஏற்றிய லாரியின் இரட்டைச் சக்கரங்களுக்கு இடையே அதன் நுனியை வைத்து, லாரி நகர்ந்ததும் சாலை எவ்வளவு மேலெழுகிறது என்று அளப்பது வழக்கம். இந்தியாவில் 1981இல் இதற்குத் தனி நெறிமுறையே வந்தது. பின்னர், எடையை விழச்செய்து, சாலை கிண்ணம்போல் தொய்வதைப் பல புள்ளிகளில் அளக்கும் கருவி வந்தது. 2014இன் 115ஆம் நெறிமுறை அதற்குரியது. அந்தக் கிண்ணத்தின் வடிவிலிருந்து உள்ளிருக்கும் அடுக்குகளின் வலுவைப் பின்னோக்கிக் கண்டறிவது 'கேஜிபிபேக்' என்ற காரக்பூர் நிரல். ஒரே கிண்ணத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் பொருந்தக்கூடும். பல பாடங்களில் எது மூலபாடம் என்று தேரும் பதிப்பாசிரியரின் இடர்ப்பாடுதான்! ஆகவே அங்கங்கே தோண்டி அடுக்கின் கனத்தை நேரில் அறிந்தாக வேண்டும்.

இந்த அளவை எதற்கு? மேலடுக்கு தேவையா, தேவையெனில் எவ்வளவு என்று சொல்லத்தான். அளக்காமல் தார்மேல் தார் இட்டுக்கொண்டே போனதன் விளைவை நம் ஊர்த் தெருக்களில் காணலாம். வாசற்படி ஏறிச் சென்ற வீடுகளுக்குள் இன்று இறங்கிச் செல்கிறோம். மழைநீரும் இறங்கிச் செல்கிறது. எழுத்தாளராகவும் நம் வாசகர்கள் அறிந்த வெ. இறையன்பு, 2021இல் தலைமைச் செயலாளராக இருந்தபோது, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாக இடவேண்டும் என்று அறிவுறுத்தினார். வீட்டுக்கார் நோக்கில் நல்ல ஆணை. ஆனால் எவ்வளவு சுரண்டுவது, எதை விட்டுவைப்பது என்பதற்கும் அளவை வேண்டும். வலுவான அடுக்கைச் சுரண்டிவிட்டு மெல்லியதை இட்டால் சாலை முன்னிலும் மெலியும்.

புதுப்பட்டினத்தின் வழிச் செல்லும் சாலை இப்போது 332ஏ தேசிய நெடுஞ்சாலையின் பகுதி. மாமல்லபுரத்திலிருந்து முகையூர் வரை அதை நான்கு வழியாக்கும் திட்டம் எடுத்துக்கொள்ளப்பட்டது. இவ்வாறு அகலப்படுத்துகையில் புதிய பக்கத்துக்குக் கனத்தை ஐஐடிபேவில் காணலாம். பழைய பக்கத்தை அப்படியே தொடர்ந்து பயன்படுத்துவதானால், முதலில் அதன் தொய்வை அளந்தாக வேண்டும்.