பாரதி பாடல்களின் விடுதலையும் நம் பள்ளி நகல் இயந்திரமும்



பாயான் லெப்பாசில் ஆசிரியப் பணியைத் தொடங்கிய காலத்தில் நான் செய்த ஒரு தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளூர் எழுத்தாளர் ஒருவரின் சிறுவர் கதைநூலை ஒரே ஒரு படி வாங்கி, வகுப்பிலிருந்த இருபத்து நான்கு மாணவர்களுக்கும் முழுமையாக நகலெடுத்துக் கொடுத்தேன். தமிழ்த்தொண்டு செய்துவிட்ட மனநிறைவு எனக்கு. சில மாதங்கள் கழித்து, ஒரு நூல் வெளியீட்டு நிகழ்வில் அவரைச் சந்தித்தபோது அதனைப் பெருமையாகவே கூறினேன். அவர் சினக்கவில்லை. "இருபத்து நாலு புத்தகம் போயிருந்தா அச்சகத்துக் கடன்ல கொஞ்சம் அடைஞ்சிருக்கும், சார்" என்று மட்டும் சொன்னார்.

நல்ல எழுத்து எல்லாரையும் சென்றடைய வேண்டும். எழுதியவருக்கும் உரிய பயன் கிட்ட வேண்டும். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று பகையா? இக்கேள்விக்கு விடை தேடியபோது, நம் பிள்ளைகள் அன்றாடம் பாடும் பாரதியார் பாடல்களின் வரலாறே கைகொடுத்தது.

பாரதியார் தம் நூல்கள் பல்லாயிரவர் கையில் தவழ வேண்டும் என விரும்பியவர். 1920ஆம் ஆண்டில் தம் எழுத்துகள் அனைத்தையும் 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடத் திட்டமிட்டு நண்பர்களிடம் பொருளுதவி கேட்டார். தீப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும்விட விரைவாகத் தம் நூல்கள் தமிழர் இல்லங்களில் விற்றுப்போகும் என அவர் நம்பினார். திட்டம் நிறைவேறவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். குடும்பத்திற்கு எஞ்சிய சொத்து அவருடைய எழுத்து மட்டுமே.

அச்சொத்தும் இரண்டாகப் பிரிந்தது. நூலாக வெளியிடும் உரிமை பாரதியாரின் தம்பி சி. விசுவநாதனிடம் சென்றது. இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பாடல்களைப் பயன்படுத்தும் உரிமையோ வணிகர் ஒருவரிடம் விற்கப்பட்டு, பின்னர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. 1947இல் வெளிவந்த அவருடைய 'நாம் இருவர்' திரைப்படத்தில் பாரதியார் பாடல்கள் ஒலித்தன. மறு ஆண்டில் வெளிவந்த 'பில்ஹணன்' என்னும் படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் ஒரு பாரதியார் பாடலைச் சேர்த்ததும் உரிமை வழக்கு எழுந்தது.

தேசியக் கவியின் பாட்டு ஒரு தனி நிறுவனத்தின் உடைமையா என்று தமிழகம் கொதித்தது. நாரண துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர்கள் முன்னின்று பாடல்களை விடுவிக்கக் கோரினர். 1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாநில அரசு, உரிமையைத் தானே ஏற்பதாக அறிவித்தது. மெய்யப்பச் செட்டியார் பணம் பெறாமலே தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்கும், பாரதியாரின் துணைவியார் செல்லம்மாளுக்கும், இரு மகள்களுக்கும் அரசு பணம் வழங்கியது. 1950களின் நடுவில் பாரதியாரின் எழுத்துகள் மக்கள் அனைவருக்கும் பொதுவாக்கப்பட்டன.

அன்றைய சட்டப்படி ஒருவர் மறைந்து 50 ஆண்டுகள் அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. எனவே பாரதியார் எழுத்து 1971 வரை பூட்டப்பட்டிருக்கக் கூடும். பூட்டு முன்னரே திறந்ததால் பதிப்பகங்கள் பலவும் மலிவுப் பதிப்பு வெளியிட்டன. பாடநூல்களும் மேடைகளும் தடையின்றி அவரை எடுத்தாண்டன. 1961இல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' அவர் பாடல்களை நிறையவே பயன்படுத்தியது. இரவீந்திரநாத் தாகூரின் நிலை வேறு. 1941இல் மறைந்த அவருடைய நூலுரிமை 1991இல் முடியவிருந்த வேளையில், இந்திய அரசு 1992இல் கால எல்லையை 60 ஆண்டாக நீட்டியது. 2001 வரை அவ்வுரிமை விசுவபாரதியிடமே இருந்தது.

கட்டுப்பாடு குறைந்தால் பதிப்புத்தொழில் வளரும் என்பதற்கு ஐரோப்பாவிலிருந்தும் சான்று காட்டுவர். செருமானிய ஆய்வாளர் எகார்ட் ஹோஃப்னர் 2010இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கைத் தருகிறார். இங்கிலாந்தில் 1710 முதலே பதிப்புரிமைச் சட்டம் இருந்தது. செருமனியோ பல அரசுகளாகப் பிரிந்து கிடந்ததால் ஓரிடத்துத் தடை அடுத்த இடத்தில் செல்லவில்லை. 1843இல் செருமனியில் ஏறத்தாழ 14,000 புதிய வெளியீடுகள் வந்தன; இங்கிலாந்தில் ஆண்டுக்கு 1,000 அளவே. இதற்குச் சட்டமின்மை மட்டுமே காரணமாகாது என்று மறுப்பாரும் உளர். ஆயினும் அவர் தரும் இன்னொரு செய்தியை நாம் கவனிக்க வேண்டும். தோல் பதனிடுதல் பற்றி நூலெழுதிய பெர்லின் பேராசிரியர் ஒருவர், 'பிராங்கன்ஸ்டைன்' எழுதிய மேரி செல்லியைவிட அதிகப் பணம் பெற்றாராம். அதாவது, நூல்கள் பெருகிய அந்நாட்டிலும் எழுதியவருக்குக் கூலி கிடைத்தது.

தமிழ்நாட்டு அரசு பின்னாளில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கியது. வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை வழங்குவதும் வழக்கமாயிற்று. 1990களின் இறுதியில் கல்கியின் நூல்கள் அவ்வாறு விடுதலை பெற்றதும், 'பொன்னியின் செல்வன்' பல பதிப்பகங்கள் வழியாகப் பல விலைகளில் வந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணைய நூலகத்திலும் இடம்பெற்றது. ஆனால் 2009இல் அரசு அறிவித்த பட்டியலில் இருந்த கண்ணதாசன், சுந்தர ராமசாமி ஆகியோரின் குடும்பத்தார் அதனை ஏற்க மறுத்தனர். நூல்கள் நன்கு விற்கும்போது ஒரு முறை தரும் தொகை ஈடாகாது என்று வாரிசுகள் எண்ணினால் அதனைத் தவறென்று சொல்ல இயலாது. உரிமையாளரின் இசைவும் வேண்டும் என்பதே இதன் பாடம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவின 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுகள் அவர் எழுத்துக்குப் பாதுகாப்பு உண்டு. பாரதியாரும் 1954இல் மறைந்த கல்கியும் அவ்வெல்லையைக் கடந்துவிட்டனர். அவர்களின் எழுத்தை எத்தனை மாணவருக்கு வேண்டுமானாலும் அச்சிட்டுத் தரலாம். பதிப்பாசிரியரின் குறிப்புரையும் ஓவியங்களும் மட்டும் தனி உரிமைக்கு உட்பட்டிருக்கக் கூடும். இன்று நம்மிடையே வாழும் எழுத்தாளர் நிலை அதுவன்று. பலர் சொந்தப் பணத்தில் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் வருவோரை நம்பியே நூலைக் கொண்டுவருகின்றனர். கற்பித்தலுக்காக அவர் நூலின் சிறு பகுதியை, பெயரும் மூலமும் குறித்து, நியாயமான அளவில் எடுத்தாளச் சட்டத்தில் இடமுண்டு. முழுநூலையும் நகலெடுப்பது அவ்வளவில் அடங்காது.

எங்கள் வட்டாரப் பெற்றோர் பலர் தடையற்ற தொழில் வட்டாரத்தில் பணிபுரிகின்றனர். தொழிற்சாலையிலிருந்து ஒரு வரைபடத்தாளைக்கூட வெளியே கொண்டுவர முடியாது என்பதை அவர்கள் நன்கறிவர். கதைநூலுக்கும் அம்மதிப்பைத் தர நாம் ஏன் தயங்க வேண்டும்?

பாரதியார் பாடல்களை விடுவித்த அரசு, அதற்குரிய விலையைச் செல்லம்மாளுக்குக் கொடுத்தே விடுவித்தது. நானோ விலை கொடுக்காமல் ஒருவருடைய நூலை விடுவித்தேன். இப்போது என் வகுப்பிற்கு உள்ளூர் நூல் தேவைப்பட்டால், பெற்றோர்களிடம் சொல்லி நான்கைந்து படிகளை எழுத்தாளரிடமே வாங்கி, மாணவர்கள் குழுவாகப் படிக்கச் செய்கிறேன். பெற்றோர் யாரும் இதுவரை மறுத்ததில்லை. உங்கள் பள்ளியிலும் முயன்று பாருங்கள்.