செபஸ்தோஸ்: அரசன் என்று சொல்லாத பட்டம்

தென்னேரிப் பக்கத்து ஊர்ப்பெயர்களில் ஆண்டவர்களின் தடம் இருக்கிறது. தென்னேரி என்பதே 'திரையன் ஏரி' மருவியது என்பார்கள்; காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனோடு சேர்த்துச் சொல்லப்படும் ஏரி அது. அருகிலுள்ள வாலாஜாபாத்தின் பெயரோ ஆளின் பெயரன்று, பட்டம். ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்கு முகலாயப் பேரரசர் கொடுத்த 'வாலாஜா', உயர்ந்த நிலையுடையவர் என்று பொருள்படும் பாரசீகச் சொல்.

பாலஸ்தீனத்திலும் பட்டத்தால் பெயர்பெற்ற ஊர் ஒன்று உண்டு. ஏரோது மன்னன் பழைய சமாரியா நகரைப் புதுக்கி 'செபஸ்தே' என்று பெயர் வைத்தான். இன்றும் அது செபஸ்தியாதான். யாருடைய பட்டம்? ரோமை ஆண்ட ஒக்டேவியனுடையது.

கி.மு. 27 சனவரியில் ரோமின் செனட் சபை ஒக்டேவியனுக்கு ஒரு பட்டம் தேடியது. நகரை நிறுவிய ரொமுலுஸின் பெயரையே சூட்டலாம் என்றும் பேச்சு எழுந்தது. ஆனால் ரொமுலுஸ் மன்னன். மன்னன் என்ற சொல்லே ரோமர்களுக்கு ஆகாது. முடிசூடப் பார்க்கிறார் என்ற சந்தேகத்தில்தான் ஜூலியஸ் சீசர் குத்துப்பட்டுச் செத்தார். ஆகவே 'அகுஸ்துஸ்' என்றார்கள். புனித இடங்களுக்கு வழங்கிய அடைமொழி அது. அதிகாரத்தைச் சொல்லாமல் மதிப்பை மட்டும் சொன்னது. நல்ல தந்திரம்.

கிரேக்கம் பேசிய கிழக்கு மாகாணங்கள் அதன் பொருளை எடுத்துக்கொண்டு 'செபஸ்தோஸ்' என்றன; ஏரோது வைத்த 'செபஸ்தே' அதன் வழிவந்த பெயர். அடிச்சொல் செபஸ்: தெய்வத்தின் முன் எழும் அச்சம் கலந்த பணிவு. நாம் பயபக்தி என்கிறோமே, ஏறக்குறைய அது. (நம் செபத்துக்கும் இதற்கும் உறவில்லை, செபம் 'ஜப'த்தின் தமிழ் வடிவம்.) அங்காராவில் கல்லில் வெட்டியுள்ள அகுஸ்துவின் சாதனைப் பட்டியல் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் இருக்கிறது. முன்னதில் பட்டம் அகுஸ்துஸ், பின்னதில் செபஸ்தோஸ்.

புதிய ஏற்பாட்டில் லூக்கா இரண்டு வழியையும் கையாள்கிறார். இயேசு பிறந்த கால மக்கள்தொகைக் கணக்கைச் சொல்லும் 2:1இல் 'அவுகுஸ்தோஸ்' என்று ஒலியை அப்படியே வைக்கிறார்; அது ஆளின் பெயர். அப்போஸ்தலர் நடபடிகள் 25இல் ஆளுநர் பெஸ்து வாயில் வருவது 'செபஸ்தோஸ்'. அங்கே ஒக்டேவியன் இல்லை. அவர் செத்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பெஸ்து குறிப்பிடுவது நீரோவை. பட்டம் பதவியாகிவிட்டது.

தமிழுக்கு வந்தபோது நடந்ததுதான் வேடிக்கை. புராட்டஸ்டண்டுகளின் பழைய விவிலிய மொழிபெயர்ப்பு, ரோமப் பேரரசரைக் குறிக்கும் 'சீசர்' என்ற சொல்லை 'இராயன்' ஆக்கியது, அகுஸ்துவை 'அகுஸ்துராயன்' ஆக்கியது. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்குக் கோபுரத்தை எழுப்பிய கிருஷ்ணதேவராயரின் பட்டம்தான் அந்த 'இராயன்'. நாயக்கர்களுக்கு மேலே இருந்தவர் இராயர், ஏரோதுக்கு மேலே இருந்தவர் சீசர். அந்த வகையில் பொருத்தம் பிரமாதம். ஆனால் இராயன் என்பது 'ராஜன்' என்பதன் வழிவந்த சொல். ரோமில் எந்தச் சொல்லுக்கு அஞ்சி அகுஸ்துஸ் என்ற பட்டத்தைத் தேடினார்களோ, அதுவே தமிழில் அவர் தலையில் ஏறிவிட்டது.

எனக்கென்னவோ 'இறை' நினைவுக்கு வருகிறது. தெய்வம், அரசன், வரி மூன்றுக்கும் தமிழில் அது பெயர். கோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலம் இறையிலி. சீசருக்கு வரி செலுத்தலாமா என்று இயேசுவிடம் கேட்டவர்களின் சிக்கல் முழுவதும் அந்த ஒரே சொல்லில் அடங்கும். ஆனால் இறைவன் என்பதைக் கடவுளுக்கே ஒதுக்கிவிட்ட கிறித்தவத் தமிழில் நீரோவுக்கு அதைத் தர யாருக்கும் மனம் வராது.

1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு இராயனைக் கைவிட்டுச் 'சீசர்' என்றே எழுதுகிறது. செபஸ்தோஸோ வேறு வழியாக எப்போதோ தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. செபஸ்தியான் என்ற பெயருக்குச் செபஸ்தே என்ற பெயர்கொண்ட ஊரைச் சேர்ந்தவர் என்று பொருள். புனித செபஸ்தியாரைக் கொல்லச் சொன்னவர் தியோக்கிளேசியன் என்பது திருச்சபை மரபு. பேரரசர் என்ற முறையில் அவருக்கும் கிரேக்கத்தில் செபஸ்தோஸ் என்றுதான் பட்டம்.