வாளி வாசல்

எங்கள் வீட்டுப் பின்சுவரில், தரையை ஒட்டி ஒரு சின்னச் சதுரம் மட்டும் வேறு நிறமாக இருக்கும். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் பார்த்தால் சுற்றிலும் கருஞ்சிவப்புச் செங்கல், நடுவில் வெளிறிய சிவப்பு. "அதுதான் வாளி வாசல்" என்பார் அப்பம்மா. கழிவறை வாளியைப் பின்சந்திலிருந்து இழுத்தெடுக்க விட்ட திறப்பு அது. தண்ணீர்க் கழிவறை வந்தபின் சர்க்காரே அதை அடைத்துவிட்டது. வாளி எடுக்க விடியுமுன் வந்துபோன மனிதரின் முகத்தை அப்பம்மா ஒருநாளும் பார்த்ததில்லை. அவருடைய இருமல் மட்டும் தெரியும். அதைச் சொல்லும்போதெல்லாம் குரல் தாழ்ந்துவிடும்.

எங்கள் வீடு இருந்த கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயர் கொடுத்ததே செங்கல். 1881-இல் முதலில் தீ, பிறகு வெள்ளம். மரமும் அத்தாப்பு ஓலையுமாக இருந்த கோலாலம்பூர் அழிந்தது. இனிச் செங்கல்லும் ஓடும்தான் என்று பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஸ்வெட்டன்ஹாம் சொல்ல, இந்தக் களிமண் நிலத்தில் சூளைகள் எரிந்தன. சீனர் தலைவர் கப்பித்தான் யாப் குவான் செங்கின் சூளையும் இங்கேதான். 1886-இல் கிள்ளான் பக்கம் புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. கணக்கு எழுத யாழ்ப்பாணத்திலிருந்தும் தண்டவாளம் போடத் தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அப்பப்பா ரயில்வே கிராணி. குவாட்டர்ஸ் கிடைத்தது.

சர்க்கார் வீடு, ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். அதனால் முன்பக்கத்தை யாரும் தொடவில்லை. பின்பக்கம்தான் தலைமுறைக்குத் தலைமுறை வளர்ந்தது. அப்பம்மா அம்மிக்கு ஒரு மேடை கட்டினார். அப்பா தகரம் இறக்கி அடுப்படியை முற்றம்வரை இழுத்தார். மூடிய ஜன்னல் ஒன்று சாமி மேடை ஆனது. தரையே ஒரு குடும்பக் கணக்குப் புத்தகம்: கூடத்தில் சாம்பல் சிமெண்டு, நடை முழுக்கச் சிவப்பு, என் அக்கா கல்யாணத்துக்குப் போட்ட மொசைக் சமையலறையில்.

கூடத்துச் சுவரில் ஒரு விரிசல். 1945 மார்ச் 10 அன்று நேச நாட்டு விமானங்கள் ரயில்வே யார்டைக் குறிவைத்தன; சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் மேலும் குண்டு விழுந்தது. அந்த அதிர்வில் விட்ட விரிசல் இது என்பார் அப்பம்மா. அப்பா மூன்று முறை பூசினார். மூன்று முறையும் அதே கோட்டில் திறந்துகொண்டது.

அந்த யார்டு இருந்த இடத்தில்தான் 2001-இல் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தைத் திறந்தார்கள். அதற்கு முன்பே அப்பா ஓய்வு பெற்று வீட்டை ஒப்படைத்துவிட்டார். பட்டியலோடு ஒருவர் வந்து கதவு, ஜன்னல், குழாய் எல்லாம் எண்ணினார். பட்டியலில் இல்லாததைப் பிரித்துவிடச் சொன்னார். அப்பா ஏணி போட்டு, தகரங்களைத் தாமே ஒவ்வொன்றாக இறக்கினார். அம்மி மேடையை உடைக்க மட்டும் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டார். சாயங்காலம் அடுப்படி இருந்த இடத்தில் வெயில் விழுந்தது. வாளி வாசலைப் பட்டியல்காரர் குனிந்து பார்த்தார். அது சர்க்கார் அடைத்தது, இருக்கட்டும் என்றார்.