சென்னை சிட்டி கால்பந்துக் கழகம்: ரசிகர்களின் அபிமான ஆட்டக்காரர்கள்

சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் 2018-19 பருவத்தில் ஐ-லீக் பட்டத்தை வென்ற தமிழ்நாட்டு அணி. வெளிநாட்டு வீரர்களுடன் தமிழ்நாட்டு இளைஞர்களையும் பெருமளவில் களமிறக்கி இந்த வெற்றியை அது பெற்றது. பட்டம் வென்ற இரண்டே ஆண்டுகளில் தேசிய அளவிலான போட்டிகளிலிருந்து மறைந்தது. இந்த அணியில் ஆடிய மைக்கேல் சூசைராஜ், நந்தகுமார் சேகர், எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் ஆகியோர் தமிழ்க் கால்பந்து ரசிகர்களின் அபிமான ஆட்டக்காரர்களாக இன்றும் நினைக்கப்படுகின்றனர்.

பின்னணி

தமிழ்நாட்டில் கால்பந்து எல்லா ஊர்களிலும் ஒரே அளவில் வேரூன்றவில்லை. வடசென்னையின் வியாசர்பாடி போன்ற பகுதிகளும், ரயில்வே, வங்கி, காவல்துறை அணிகளும், தென்கடலோர மீனவ ஊர்களுமே அதன் முதன்மையான விளைநிலங்கள். முத்துக்குளித்துறையின் தருவைகுளம் தொடங்கி கேரள எல்லையை ஒட்டிய இரவிபுத்தன்துறை வரை நீளும் கடலோர ஊர்களில் கோயிலுக்கு முன்னால் உள்ள வெளியும் கடற்கரை மணலுமே மைதானங்கள். மணலில் வெறுங்காலுடன் ஓடிப் பழகிய கால்களுக்குப் புல்தரை எளிது என்பது இவ்வூர்களில் சொல்லப்படும் பேச்சு.

ஆனால் இங்கே வளர்ந்த ஆட்டக்காரருக்குத் தன் மாநிலத்தில் பெரிய அணி இல்லை என்பது நீண்டகாலக் குறை. திறமை உள்ளவர் கொல்கத்தாவுக்கோ கோவாவுக்கோ செல்ல வேண்டியிருந்தது. தேசியக் கால்பந்து லீக் நடந்த காலத்தில் இந்தியன் வங்கி அணி தமிழ்நாட்டின் சார்பில் ஆடியது. அது அலுவலக அணி. ஊரின் பெயரைத் தாங்கி, ஊர்மக்கள் சொந்தம் கொண்டாடும் கழகம் என்ற நிலை அப்போது உருவாகவில்லை.

முன்னோடிகள்

வெளியூர் சென்று புகழ்பெற்ற தமிழ் ஆட்டக்காரர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜ். ஐதராபாத்தில் பிறந்த இவர் ராணுவத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்காக ஆடினார். அந்த அணி 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டூரண்ட் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் அணிகளிலும், 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற அணியிலும் இவர் இருந்தார். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான் ஆகிய மூன்று பெரிய கழகங்களுக்கும் ஆடினார். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார்.

அடுத்த தலைமுறைகளில் ராமன் விஜயன் குறிப்பிடத்தக்கவர். 1997-98 தேசிய லீக்கில் எஃப்.சி. கொச்சின் அணிக்காக ஆடி, அதிக கோல் அடித்தவர் என்ற பெருமையைப் பெற்றார். தஞ்சாவூரைச் சேர்ந்த காலியா குலோத்துங்கன், 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கழகப் போட்டியை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் ஆடினார். அவர் 2018 அக்டோபரில் தஞ்சாவூரில் நேர்ந்த சாலை விபத்தில் காலமானார். தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று பட்டம் வெல்லவிருந்த பருவம் அதே மாதத்தில்தான் தொடங்கியது.

ஐ-லீக்கில் நுழைவு

சென்னை சிட்டி அணிக்கு 2016-17 பருவத்தில் ஐ-லீக்கில் நேரடி இடம் கிடைத்தது. முதல் பருவ ஆட்டங்கள் சென்னையில் நடந்தன. அடுத்த பருவத்தில் அணி கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கத்தைத் தன் சொந்த மைதானமாக்கிக்கொண்டது. இரண்டு பருவங்களிலும் பட்டியலின் கீழ்ப்பாதியிலேயே முடித்தாலும் பெரிய அணிகளை அச்சுறுத்தும் ஆற்றல் அதற்கு இருந்தது. 2018 ஜனவரியில் கொல்கத்தாவிலேயே மோகன் பகானை 2-1 என வென்றது. அந்தத் தோல்வியை அடுத்து மோகன் பகான் பயிற்சியாளர் சஞ்சய் சென் பதவி விலகினார்.

அபிமான ஆட்டக்காரர்கள்

மைக்கேல் சூசைராஜ்: கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்தவர். இடக்கால் நடுக்கள ஆட்டக்காரர். பந்தைக் காலோடு ஒட்டவைத்து எதிராளிகளைக் கடந்து செல்லும் இவருடைய ஓட்டம் 2017-18 பருவத்தில் நாடெங்கும் கவனம் பெற்றது. அந்தப் பருவம் தொடங்கிய சில நாட்களில், 2017 நவம்பர் இறுதியில், ஒக்கி புயல் அவருடைய ஊரை உள்ளடக்கிய கடலோரத்தைத் தாக்கியது. ஆழ்கடலுக்குச் சென்ற பலர் திரும்பவில்லை. துயரில் இருந்த கடலோரத்துக்கு அந்தப் பருவத்தில் தன் பிள்ளை ஒருவரைத் தொலைக்காட்சியில் காணக் கிடைத்தது. அவர் பின்னர் ஜம்ஷெட்பூர் அணிக்கும், அங்கிருந்து கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்கும் சென்றார். 2019இல் இந்திய அணிக்காக ஆடினார். 2020 நவம்பரில் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் பட்ட காயம் அவரை நெடுநாள் களத்துக்கு வெளியே நிறுத்தியது. அவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் சென்னை சிட்டி அணிக்காக ஆடியவர்.

நந்தகுமார் சேகர்: சென்னையைச் சேர்ந்த பக்கவாட்டு முன்கள ஆட்டக்காரர். சென்னை சிட்டி அணியில் அறிமுகமாகி டெல்லி, ஒடிசா அணிகளில் வளர்ந்தார். 2023 ஆகஸ்டு 12 அன்று டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக இவர் அடித்த ஒரே கோல் மோகன் பகானைத் தோற்கடித்தது. அதற்கு முன் தொடர்ந்து எட்டு முறை அந்தப் போட்டியாளரிடம் ஈஸ்ட் பெங்கால் தோற்றிருந்தது. 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பை இறுதி ஆட்டத்தில் தன் பழைய அணியான ஒடிசாவுக்கு எதிராகவும் கோல் அடித்தார். அந்தக் கோப்பையை ஈஸ்ட் பெங்கால் வென்றது.

எட்வின் சிட்னி வான்ஸ்பால்: நடுக்களத்திலும் பாதுகாப்பு வரிசையிலும் ஆடக்கூடியவர். எந்த இடத்தில் நிறுத்தினாலும் குறை வைக்காதவர் என்பதால் பயிற்சியாளர்களும் ரசிகர்களும் இவரை விரும்பினர். 2018-19 பருவத்துக்குப் பின் சென்னையின் எஃப்.சி. அணிக்குச் சென்றார்.

அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ்: வேகமான பக்கவாட்டு ஆட்டக்காரர். 1994 உலகக் கோப்பையை வென்ற பிரேசில் அணியின் முன்கள வீரர் பெயரைத் தன் பெயரில் கொண்டவர். 2020இல் எஃப்.சி. கோவா அணியில் சேர்ந்தார்.

பெட்ரோ மான்சி: உருகுவே நாட்டு முன்கள ஆட்டக்காரர். 2018-19 பருவத்தில் 21 கோல் அடித்தார். சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் வில்லிஸ் பிளாசாவும் அதே எண்ணிக்கையை எட்டினார். ஸ்பெயினைச் சேர்ந்த சாண்ட்ரோ ரோட்ரிகஸ், நெஸ்டர் கோர்டிலோ, ராபர்ட்டோ எஸ்லாவா ஆகியோரும் கோயம்புத்தூர் ரசிகர்களின் அன்பைப் பெற்றனர்.

பட்டம் வென்ற நாள்

2018இல் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். நீண்ட உதைகளைத் தவிர்த்து, குறுகிய தூரப் பரிமாற்றங்களால் ஆட்டத்தைக் கட்டும் முறையை அவர் கொண்டுவந்தார். வெளிநாட்டு வீரர்களுக்குத் துணையாகத் தமிழ்நாட்டின் எட்வின், ரொமாரியோ, ரெஜின், அஜித்குமார், பிரவிட்டோ ராஜு, சார்லஸ் ஆனந்தராஜ், பாண்டியன் சீனிவாசன் போன்றோர் இருந்தனர்.

11 அணிகள் ஆடிய தொடரில் ஒவ்வோர் அணிக்கும் 20 ஆட்டங்கள். 19 ஆட்டங்கள் முடிந்தபோது சென்னை சிட்டி 40 புள்ளிகளுடன் முதலிடத்திலும், ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளிகளுடன் இரண்டாமிடத்திலும் இருந்தன. வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1 புள்ளி. கடைசி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் வென்றால் அதன் கணக்கு 42 ஆகிவிடும். அப்போது சென்னை சிட்டிக்குச் சமன் போதாது. வென்றே ஆக வேண்டும்.

2019 மார்ச் 9 அன்று இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடந்தன. கோயம்புத்தூரில் எதிரணி மினர்வா பஞ்சாப், முந்தைய ஆண்டின் பட்டம் வென்ற அணி. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா ஒரு கோல் அடித்துவிட்டது. இடைவேளை வரை சென்னை சிட்டி பின்தங்கியே இருந்தது. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டி மூலம் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். ஆட்டம் 3-1 என முடிந்தது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவை 2-1 என வென்றிருந்தது. ஆகவே 43க்கு 42 என்ற ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. மினர்வாவுடன் சமனாகியிருந்தால் அது கொல்கத்தாவுக்குச் சென்றிருக்கும்.

பட்டத்துக்குப் பின்

அதே ஆண்டு சூப்பர் கோப்பையில் பெங்களூரு எஃப்.சி.யை வென்று சென்னை சிட்டி அரையிறுதிக்குச் சென்றது. சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் 26 விழுக்காடு பங்குகளை வாங்கியது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பகுரைன் நாட்டு அல்-ரிஃபா அணியிடம் 0-1 எனத் தோற்றது. ஆசியக் கழகக் கோப்பையில் மாலத்தீவின் மாசியா அணியுடன் 2-2 எனச் சமன் செய்த நிலையில், கொரோனா பெருந்தொற்றால் அத்தொடர் கைவிடப்பட்டது.

அணியின் சரிவுக்கு இந்தியக் கால்பந்தின் அமைப்பு மாற்றமும் ஒரு காரணம். 2019இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒப்புதலோடு இந்தியன் சூப்பர் லீக் நாட்டின் முதன்மை லீக் ஆனது. ஐ-லீக் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. பட்டம் வென்ற அணி மேல் லீக்குக்கு உயரும் வழி அப்போது திறக்கப்படவில்லை. 2023இல்தான் ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் அணி ஐ-லீக் வெற்றியின் மூலம் முதன்முதலாக உயர்வு பெற்றது. அந்த அணி வேறெதுவும் அல்ல, 2019 மார்ச் 9 அன்று சென்னை சிட்டியிடம் தோற்ற மினர்வா பஞ்சாப்பின் பெயர் மாறிய வடிவமே. நான்கு ஆண்டுகள் முந்தி வென்றதால் சென்னை சிட்டிக்கு அந்த வாய்ப்பு கிட்டவில்லை.

மேலே செல்ல வழியில்லாத அணியில் ஆட்டக்காரர்களும் தங்கவில்லை. மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்கும், கோர்டிலோ ஐதராபாத்துக்கும் சென்றனர். தமிழ்நாட்டு வீரர்களைச் சூப்பர் லீக் அணிகள் அழைத்துக்கொண்டன. 2020 மார்ச்சில் பார்வையாளர் இல்லாத கோவா மைதானத்தில் நடந்த சூப்பர் லீக் இறுதி ஆட்டத்தில் ஏ.டி.கே. அணியில் சூசைராஜும் சென்னையின் எஃப்.சி. அணியில் எட்வினும் இடம்பெற்றிருந்தனர். 2020-21 பருவத்துக்குப் பின் சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடவில்லை.

வரலாற்று இடம்

ஐ-லீக் பட்டத்தின் மூலம் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஆடிய கடைசி அணி சென்னை சிட்டி. தங்கராஜும் குலோத்துங்கனும் புகழ் தேடி வெளியூர் செல்ல வேண்டியிருந்தது. சூசைராஜின் தலைமுறைக்குச் சில ஆண்டுகளாவது தன் மாநில அணியின் சட்டையை அணிந்து ஆடி, அங்கிருந்து மேலே செல்லும் வாய்ப்பு இருந்தது. கடலோர மணலில் இன்று பந்து உதைக்கும் சிறுவருக்கு அத்தகைய படிக்கட்டு மீண்டும் அமைய வேண்டும் என்பதையே இக்கழகத்தின் குறுகிய வரலாறு உணர்த்துகிறது.