கூண்டுப் பறவைகளின் குப்பையும் குறும்பும் சொல்லும் சேதி

தோட்டத்து லயங்களில் கோழியும் புறாவும் வளர்த்த குடும்பங்கள் பல, தாமான் வீடுகளுக்குக் குடிவந்த பிறகு கூண்டுப் பறவைகளுக்கு மாறியிருக்கின்றன. கோப்பெங், ஈப்போ வட்டாரத்திலும் முன்வாசலில் கூண்டு தொங்கும் வீடுகள் உண்டு. ஒரு ஜோடி வாங்கினால் சில மாதங்களில் அது நாலாகும். கூடவே குப்பையும் சத்தமும் வளரும்.

அந்தக் குப்பையைப் பார்த்தே பறவையின் உடல்நிலையை அறியலாம். நோய் வந்தால் பறவைகள் அதை முடிந்தவரை மறைக்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கலாம். அதனால் கூண்டைத் தினமும் கவனிப்பது அவசியம்.

எது எந்தப் பறவை?

நம்மவர்கள் பலர் ‘லவ்பேர்ட்ஸ்’ என்று அழைப்பது உண்மையில் பஜி எனப்படும் ஆஸ்திரேலியச் சிறுகிளி. 1840இல் ஜான் கூல்ட் என்ற பறவையியல் அறிஞர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். நிஜமான லவ்பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. உடல் தடித்தது, வால் குட்டை. இரண்டையும் ஒரே கூண்டில் விடக்கூடாது. லவ்பேர்டின் அலகு வலுவானது. சண்டை வந்தால் பஜியின் கால்விரலைக் கடித்துத் துண்டாக்கிவிடும். கொண்டையுள்ள காக்கட்டீல் சாதுவானது; அதையும் லவ்பேர்டுடன் சேர்க்க வேண்டாம்.

தரையெல்லாம் உமி

கிளி இனங்கள் தானியத்தின் பருப்பை மட்டும் தின்று உமியைத் துப்பிவிடும். தரையில் சிதறும் உமியைப் பெருக்கினால் போகும். ஆபத்து கிண்ணத்தில் இருக்கிறது. மேலே உமி நிறைந்திருப்பதைப் பார்த்து ‘தீனி இருக்கிறது’ என்று விட்டுவிட்டால் பறவை பட்டினி கிடக்கும். தினமும் உமியை ஊதித் தள்ளிவிட்டுப் புதுத் தீனி போடுங்கள்.

காக்கட்டீலின் இறகிலிருந்து மாவு போன்ற வெள்ளைத் தூள் உதிரும். அது நோயல்ல. அடிக்கடி நீர் தெளித்துக் குளிப்பாட்டினால் தூள் குறையும்.

எச்சத்தில் பச்சை அல்லது பழுப்புத் திடப்பகுதி, வெள்ளைப் பகுதி, தெளிந்த நீர் என மூன்றும் இருக்கும். வெள்ளைப் பகுதி சிறுநீரின் உப்பு. பப்பாளி தின்ற அன்று எச்சம் நீர்த்துப்போவது இயல்பு. பழம் தராதபோதும் அப்படியே இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

குறும்புக்குப் பின்னால்

கூண்டில் விரித்த நாளிதழை ரோஜாமுக லவ்பேர்ட் பெட்டை நீளநீளமாகக் கிழித்து, முதுகின் கீழ் இறகுகளில் செருகிக்கொண்டு நடக்கும். பார்த்தால் சிரிப்பு வரும். காட்டில் கூடு கட்ட அது நார் சுமக்கும் முறையும் இதுதான்.

ஆண் பஜி கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டி, தின்ற தீனியைக் கக்கி ஊட்டப் பார்க்கும். தன் பிம்பத்தை ஜோடியாக நினைத்துக்கொள்வதே காரணம். அது ஓயாவிட்டால் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். தலையை உதறி, முக இறகு நனைய வாந்தி எடுத்தால் அது நோய்.

பஜி பேசவும் கற்கும். அமெரிக்காவின் பக் என்ற பஜி 1,728 சொற்கள் அறிந்ததாகக் கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. தூங்குமுன் அலகை நறநறவென்று தேய்ப்பது நிம்மதியின் அடையாளம். பகலில் உடலை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ தாமதிக்க வேண்டாம்.

நமது நுரையீரலும் முக்கியம்

காய்ந்த எச்சத்தின் தூசியால் ‘சிட்டகோசிஸ்’ என்னும் கிளிக்காய்ச்சல் மனிதருக்குத் தொற்றலாம். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் அதன் அறிகுறிகள். வீட்டில் பறவை இருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆன்டிபயோடிக் மருந்தால் குணமாகும். கூண்டை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். முதலில் நீர் தெளித்து, முகக்கவரி அணிந்து துடையுங்கள். புதிதாக வாங்கிய பறவையை 30 நாள் தனிக்கூண்டில் வைத்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

புகை பறவைக்கு ஆகாது. நான்ஸ்டிக் சட்டி அளவுமீறிச் சூடானால் எழும் ஆவி நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். சாம்பிராணி, கொசுவத்தி, சிகரெட் புகையும் கெடுதல். வெள்ளிக்கிழமை தூபம் போடுமுன் கூண்டை வெளியே மாற்றுங்கள். அவகாடோ, சாக்லேட், காப்பி எதையும் ஊட்டாதீர்கள்.

வாங்குமுன் கேளுங்கள்

முராய் பத்து போன்ற பாதுகாக்கப்பட்ட உள்நாட்டுப் பறவைகளை வளர்க்க, 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியின் அனைத்துலக வாணிகத்துக்கு 2017 முதல் மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ளது. பத்திரம் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

காலையில் கூண்டைத் திறக்கும்போது கிண்ணம், எச்சம், பறவையின் நடமாட்டம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.