தாமதத் தசைவலி

தாமதத் தசைவலி என்பது, பழக்கமில்லாத கடும் உடலுழைப்பு முடிந்து பல மணி நேரம் கழித்துத் தசைகளில் தோன்றும் வலி, விறைப்பு, வலுக்குறைவு ஆகியவற்றைக் குறிக்கும். எடைப் பயிற்சியைப் புதிதாகத் தொடங்குவோர் முதல் வாரத்தில் உணரும் அயர்ச்சியில் பெரும்பகுதி இதுவே ஆகும். வழக்கமாக 12 முதல் 24 மணி நேரத்திற்குள் தொடங்கி, 24 முதல் 72 மணி நேரத்திற்குள் உச்சத்தை அடைந்து, ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் தானாகவே மறைகின்றது. "உடம்பை அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது" என்று பேச்சு வழக்கில் கூறப்படுவதும் பெரும்பாலும் இதனையே.

பயிற்சியின்போதே ஏற்படும் எரிச்சலும் களைப்பும் இதிலிருந்து வேறானவை. அவை ஓய்வெடுத்த சிறிது நேரத்தில் நீங்கிவிடும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதாலேயே இவ்வலியைப் பற்றிய தவறான கருத்துகள் பல பரவியுள்ளன.

== போடி மலைச்சரிவில் ==

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது. அங்கிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்குச் செல்லும் பாதை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகின்றது. வடமேற்கே குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேசனுக்குச் செல்லும் நடைபாதையும் இதைப்போன்றே செங்குத்தானது. மூணாற்றின் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேசனிலிருந்து கம்பிவடம் மூலம் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டு, அங்கிருந்து போடிக்குக் கொண்டுவரப்பட்டது. பெட்டிகளுக்குக் கம்பிவடம் இருந்தது; மனிதர்கள் நடந்தே இறங்க வேண்டியிருந்தது.

இச்சரிவுகளில் முதன்முறை நடப்போர் ஒரு முரணைக் கவனிக்கலாம். மூச்சு வாங்குவது ஏறும்போது. ஆனால் இரண்டு நாட்கள் கழித்துப் படியிறங்க முடியாமல் தொடை வலிப்பது, பெரும்பாலும் இறங்கியதன் விளைவாகும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஆயிரம் மீட்டர் இறங்கும்போது ஏறத்தாழ 590 கிலோயூல் நிலையாற்றலை இழக்கின்றார். வாகனத்தில் இவ்வாற்றலைத் தடைக்கட்டை (பிரேக்) வெப்பமாக மாற்றுகின்றது. நடப்பவரில் அந்த வேலையைத் தொடையின் முன்புறத் தசைகள் செய்கின்றன.

ஏலத்தோட்ட வேலையும் இத்தகையதே. ஏலக்காய்க் கொத்துகள் செடியின் அடியில், தரையை ஒட்டி விளைவதால், காய் எடுப்போர் சரிவான நிலத்தில் நாள் முழுவதும் குனிந்தும் குத்துக்காலிட்டும் எழ வேண்டியுள்ளது. தேனி மாவட்டத்திலிருந்து தொழிலாளர்கள் ஜீப்புகளில் இடுக்கியின் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். உடற்பயிற்சிக் கூடத்தில் 'ஸ்குவாட்' என்றும், பழைய உடற்பயிற்சிச் சாலைகளில் பஸ்கி என்றும் அழைக்கப்படும் அசைவை இவர்கள் கூலிக்காகப் பல நூறு முறை செய்கின்றனர் எனலாம்.

== காரணம் ==

தசை சுருங்கியபடியே குறுகும்போது எடை மேலே செல்கின்றது. தசை விசையைச் செலுத்திக்கொண்டிருக்கும்போதே வெளிவிசையால் நீட்டப்படுமானால், அது நீட்சிச் சுருக்கம் எனப்படும். இளவட்டக்கல்லைத் தூக்குவது முதல் வகை. அதைக் கீழே போடாமல் மெதுவாக இறக்கி வைப்பது இரண்டாம் வகை.

1952-இல் அபாட், பிக்லண்ட், ரிச்சி ஆகியோர் இரண்டு மிதிவண்டிகளை முதுகோடு முதுகாகச் சங்கிலியால் இணைத்து ஆய்வு செய்தனர். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அதனை எதிர்த்துத் தடுத்தார். இருவரும் செலுத்திய விசை ஒன்றே. ஆயினும் தடுத்தவர் செலவிட்ட ஆக்சிசன் மிகவும் குறைவாக இருந்தது. நீட்சிச் சுருக்கத்தில் குறைந்த எண்ணிக்கையிலான தசைநார்களே இயங்கி, அதே விசையைத் தாங்குகின்றன. ஆகவே ஒவ்வொரு நாரின் மீதும் சுமை கூடுகின்றது. களைப்புத் தெரியாமலேயே சேதம் ஏற்படுவதன் காரணம் இதுவாகும்.

இச்சேதம் நுண்ணோக்கியில் மட்டுமே காணத்தக்கது. தசைநாரின் அடிப்படை அலகுகளை இணைக்கும் இசட் கோடுகள் குலைவதும், தசையைச் சூழ்ந்த இணைப்புத் திசு உறுத்தப்படுவதும், தொடர்ந்து அழற்சி ஏற்படுவதும் அறியப்பட்டுள்ளன. தசையினுள் நிகழும் சிறு கிழிசல்களே வலிக்குக் காரணம் என்ற கருத்தைத் தியோடர் ஹஃப் 1902-ஆம் ஆண்டிலேயே முன்வைத்திருந்தார்.

== லாக்டிக் அமிலம் என்னும் தவறான கருத்து ==

தசையில் லாக்டிக் அமிலம் தேங்குவதே வலிக்குக் காரணம் என்று பல பயிற்சியாளர்கள் இன்றும் கூறுகின்றனர். இது சரியன்று. இரத்தத்தில் கூடிய லாக்டேட், பயிற்சி முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகின்றது. வலியோ மறுநாள்தான் தோன்றுகின்றது. 1983-இல் வெளியான ஓர் ஆய்வில், சமதளத்தில் ஓடியோருக்கு லாக்டேட் கூடியது, வலி வரவில்லை. இறக்கத்தில் ஓடியோருக்கு லாக்டேட் கூடவில்லை, வலி வந்தது.

== மீட்சி ==

உறுதியான மருந்து என எதுவும் இல்லை. காலமும் உறக்கமும் உணவுமே முதன்மையானவை. இலேசான நடை, வெந்நீர்க் குளியல், எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதல் ஆகியன இதமளிக்கும். பிடித்துவிடுதல் வலியை ஓரளவு குறைப்பதாக ஆய்வுத் தொகுப்புகளும் காட்டுகின்றன. பயிற்சிக்கு முன்னும் பின்னும் தசைகளை நீட்டுவது, பரவலான நம்பிக்கைக்கு மாறாக, குறிப்பிடத்தக்க பயன் தருவதில்லை என்று காக்ரேன் மதிப்பாய்வு கூறுகின்றது. பனிநீரில் அமர்வது வலியைக் குறைக்கலாம். எனினும் எடைப் பயிற்சிக்குப் பின் வழக்கமாக அவ்வாறு செய்தோரிடம் தசை வளர்ச்சி குறைந்ததாக 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வளர்ந்தோருக்குப் பரிந்துரைத்த புரத அளவு, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் ஆகும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 கிராம். எடைப் பயிற்சி செய்வோருக்கு 1.4 முதல் 2 கிராம் வரை பரிந்துரைக்கப்படுகின்றது. சோறே பெரும்பங்காக உள்ள உணவில் இதனை எட்டுவது கடினம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், 100 கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 25 கிராமும் புரதம் உண்டு. இதற்கென விலையுயர்ந்த மாவு டப்பாக்கள் கட்டாயமில்லை.

== மறுமுறைப் பாதுகாப்பு ==

ஒருமுறை இவ்வலிக்கு உள்ளான தசை, அதே வேலையை அடுத்த முறை செய்யும்போது மிகக் குறைவாகவே பாதிக்கப்படுகின்றது. இப்பாதுகாப்புப் பல வாரங்கள் நீடிக்கும். நாள்தோறும் மலையில் வேலை செய்வோர் வலியின்றி நடப்பதும், நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புவோர் மீண்டும் துன்புறுவதும் இதனால்தான்.

ஆகவே புதியவர்கள் முதல் வாரத்தில் ஒவ்வொரு பயிற்சியையும் ஒரே ஒரு சுற்று, இலேசான எடையுடன், இன்னும் சில முறை செய்ய வலுவிருக்கும்போதே நிறுத்துவது போதுமானது. ஒரே தசைக்கு 48 மணி நேர இடைவெளியுடன் வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று நாட்கள் போதும். எடையைப் படிப்படியாக 2 முதல் 10 விழுக்காடு வரை கூட்டலாம் என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் பரிந்துரை. வலி மிகுந்தால்தான் பலன் மிகும் என்பதற்குச் சான்று இல்லை. முதல் சில வாரங்களில் கூடும் வலிமையின் பெரும்பகுதி, நரம்புகள் தசையை இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவதாகும்.

== எச்சரிக்கை அறிகுறிகள் ==

அளவுக்கு மீறிய முதல்நாள் பயிற்சி, குறிப்பாக வெயிலிலும் நீரிழப்புடனும் செய்யப்படும்போது, ராப்டோமயோலிசிஸ் எனப்படும் தசைச் சிதைவை உண்டாக்கலாம். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வெளியேறுதல், தசை மிகுதியாக வீங்குதல், கை கால்களை அசைக்க இயலாமை ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்நிலையில் ஐபுபுரூஃபன் போன்ற வலிநீக்கிகளைத் தாமாக உட்கொள்வது சிறுநீரகத்திற்கு மேலும் கேடு விளைவிக்கும். வலி ஒரே மூட்டில் குத்துவதுபோல் இருந்தாலோ, பயிற்சியின்போதே திடீரெனத் தோன்றியிருந்தாலோ, அது தாமதத் தசைவலியாக இல்லாமல் காயமாக இருக்க வாய்ப்புண்டு.