தோட்டத்துத் தொழிற்றலமும் லயன் காம்பராவும்: மீரியபெத்தவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தொழில் புரிவோரின் உடல் நலத்தையும் மன ஒருமைப்பாட்டையும் அவர்கள் தொழில் புரியும் இடத்தின் அமைப்புப் பெரிதும் நிர்ணயிக்கின்றது என்பது இன்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். வெளிச்சம், காற்றோட்டம், அமைதி, தேவைக்கேற்ப மாற்றியமைக்கத்தக்க இடவசதி என்பன பற்றி நகரத்து அலுவலகங்களைத் திட்டமிடுவோர் விரிவாக ஆராய்கின்றனர். ஆயின், இப்பிரச்சினை அலுவலகத்துடன் தோன்றியதன்று. தொழிலாளரைத் திரட்டி ஓரிடத்தில் குடியமர்த்தி வேலை வாங்கும் முறை எங்கு தோன்றியதோ, அங்கெல்லாம் இவ்வினாவும் எழுந்துள்ளது. இலங்கையில் அதற்கு விடை தேடுவோர் மலையகப் பெருந்தோட்டங்களையே முதலில் நோக்குதல் வேண்டும்.

மலையகத்தின் முதற் பெருந்தோட்டப் பயிர் கோப்பியாகும். கோப்பி பறிக்கும் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பிய தொழிலாளருக்குத் தற்காலிகத் தங்குமிடமாகவே லயன்கள் அமைக்கப்பட்டன. 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் அடுத்து வந்த ஆண்டுகளில் கோப்பியை அழிக்கவே, தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. 1890 இல் தோமஸ் லிப்டன் இலங்கையில் தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளையை அடுத்த தம்பேத்தன்ன அவற்றுள் ஒன்றாகும். புகையிரதப் பாதை 1894 இல் பண்டாரவளையையும் 1924 இல் பதுளையையும் எட்டியது.

இம்மாற்றத்தின் விளைவொன்று கவனத்திற்குரியது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியதாகும். எனவே, தொழிலாளர் குடும்பத்துடன் நிரந்தரமாகத் தங்கினர். ஆனால், தற்காலிகத் தேவைக்கென உருவான லயன் அமைப்பு மாறவில்லை. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஒரு காம்பராவும் அதன் முன்னே ஓர் இஸ்தோப்புமே ஒரு குடும்பத்தின் உலகமாயின. ஒரே கூரையின் கீழ் பல காம்பராக்கள் வரிசையாக அமைந்தன. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயன்களில் பின்புறச் சாளரத்திற்கும் இடமிருக்கவில்லை.

இதே காலத்துத் தேயிலைத் தொழிற்சாலையை இதனோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என வழங்கும் இக்கட்டிடத்தின் மேல்மாடிகளில் கொழுந்து பரப்பி வாட்டப்படும். ஈரம் பதமாகக் குறையாவிடின் தேயிலையின் தரம் கெடும். ஆதலால், காற்று வரும் திசை அறிந்து, சுவர் முழுவதும் சாளரங்களை வரிசையாக வைத்து அதனைக் கட்டினர். காற்றோட்டத்தின் அருமையை அறியாதவர்களல்லர் துரைமார். கொழுந்துக்குத் தந்த அக்கறையை, அதனைக் கொய்த கைகளுக்குத் தரவில்லை என்பதே உண்மையாகும்.

அக்காலத்து அறிவு அவ்வளவே என ஒருவர் வாதிடலாம். இவ்வாதம் பொருந்தாது. 1879 இல் இங்கிலாந்தின் கட்பரி சகோதரர்கள் தமது தொழிற்சாலையைப் பேர்மிங்ஹாம் நகர நெருக்கடியினின்றும் போர்ன்வில்லுக்கு மாற்றினர். 1890 களில் அங்கு தோட்டத்துடன் கூடிய வீடுகள் எழுந்தன. நல்ல குடியிருப்பு நல்ல உழைப்பைத் தரும் என்ற கருத்து அந்நாட்டில் அறியப்பட்டதொன்றே. ஆனால், மலையகத் தொழிலாளி கங்காணியிடம் பட்ட கடனாலும் துண்டு முறையாலும் தோட்டத்துடன் பிணைக்கப்பட்டிருந்தான். துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. விட்டுச் செல்லும் வழியற்றவனைக் கவரவேண்டிய தேவை தோட்ட நிருவாகத்திற்கு இருக்கவில்லை.

லயனின் அமைவிடமும் இதனையே புலப்படுத்தும். விடியற்காலையில் தப்பொலி கேட்டதும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடவேண்டும். பெயர் பதிந்ததும் மலைக்குச் சென்று நிரை பிடிக்கவேண்டும். ஆகவே, தொழிலாளர் எப்பொழுதும் கண்காணிப்புக்குள் இருக்கத்தக்கதாகக் குடியிருப்பு அமைந்தது. வீடு தொழிற்றலத்தின் ஓர் உறுப்பே. வேலை போனால் காம்பராவும் போகும்.

அதற்குள்ளும் மக்கள் தம் வாழ்வுக்கேற்ப இடத்தை மாற்றிக்கொண்டனர். சாக்குத் தட்டியால் மறைப்பிட்டனர். இஸ்தோப்பை அடைத்து அடுப்படியாக்கினர். ஒரே அறை சமையலுக்கும் உறக்கத்திற்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பயன்பட்டது. இன்றைய அலுவலகத்தில் நெகிழ்ச்சி எனப் போற்றப்படுவது விருப்பத்தாற் பிறந்தது. காம்பராவின் நெகிழ்ச்சியோ இல்லாமையாற் பிறந்தது. முன்னதில் மாற்றும் உரிமை உண்டு. பின்னதில் மாற்றியமைக்கும் திறன் இருந்தும் உரிமை இல்லை.

உரிமையின்மை அரசியலிலும் தொடர்ந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. 1972, 1975 ஆம் ஆண்டுகளில் வந்த காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. உடைமையாளர் மாறினர், காம்பராவில் வாழ்ந்தவரோ எக்கட்டத்திலும் அதன் உடைமையாளராகவில்லை.

இவ்வரலாற்றின் கொடிய விளைவை மீரியபெத்த கண்டது. கொஸ்லந்தையை அடுத்த அம்பிட்டிகந்த தோட்டத்தின் பிரிவு அது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, மலைச்சரிவு பெயர்ந்து லயன்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர்; திரும்பி வந்தபோது வீடுமில்லை, பெற்றோருமில்லை என்ற நிலையில் நின்றோரும் அவர்களுள் உளர். அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலேயே எச்சரித்திருந்தது. 2011 இலும் எச்சரித்தது. ஆயினும், மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். எச்சரிக்கையைக் கேட்டவருக்குச் செல்வதற்கு வேறோர் அடி நிலமும் சொந்தமாக இருக்கவில்லை என்பதை மறந்து அவர்களைக் குறைகூறுதல் நீதியாகாது.

தப்பியோருட் பலர் மாக்கந்தைத் தேயிலைத் தொழிற்சாலையில் நெடுநாள் தங்கவேண்டியதாயிற்று. கொழுந்துக்கென எழுந்த கட்டிடம் இறுதியில் மனிதருக்குப் புகலிடமானது. பூணாகலைப் பகுதியின் மக்கல்தெனியவில் அமைக்கப்பட்ட 75 வீடுகள் 2016 இல் கையளிக்கப்பட்டன. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகக் கிடையாத தனி வீடு, ஒரு பேரழிவின் பின்னரே கிடைத்தது. 2025 நவம்பரில் வீசிய டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளுக்கு உள்ளானதை நோக்குமிடத்து, மீரியபெத்த தந்த பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை எனலாம்.

தொழிலாளர் நலம் பேணும் இடவமைப்பு என்பது சாளரத்தையும் சுவரையும் மட்டும் பொறுத்ததன்று. தான் வாழும் இடத்தைப் பற்றி முடிவு செய்யவும், ஆபத்துக் கண்டவிடத்து அதனை விட்டு நீங்கவும் உழைப்பவனுக்குள்ள உரிமையே அதன் அத்திவாரமாகும். அவ்வத்திவாரம் இடப்படாத வரையில், லயனுக்குப் புதுக்கூரை வேய்வதால் மட்டும் மலையகத்தின் நலம் உறுதிப்படாது.